கஞ்சா விவாதத்தில் மேடையேறும் முன்

இருபது ஆண்டுகளாக மாணவர் சொற்போர்களுக்கு நடுவராக உட்கார்ந்து வருகிறேன். “பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கலாமா?” என்ற தலைப்பு வந்துவிட்டால் மணியைக் கையிலேயே வைத்துக்கொள்வேன். வேறு எந்தத் தலைப்பிலும் இரண்டு அணிகள் இவ்வளவு சீக்கிரம் வெவ்வேறு ஊர்களுக்கு பஸ் ஏறிவிடுவதில்லை. ஓர் இறுதிச் சுற்றில் ஒட்டிப் பேசியவர்கள் வலிப்பு நோயால் துடிக்கும் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். வெட்டிப் பேசியவர்கள் பள்ளி வாசலில் பொட்டலம் விற்பவனைப் பற்றிப் பேசினார்கள். நாற்பது நிமிடம் போனது. இரண்டுமே தலைப்பில் இல்லை. யாருக்குக் கோப்பை என்று தெரியாமல் குரல்வளத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இந்தத் தலைப்பில் பேசப்போகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை எழுதிவைக்க அந்தக் கூச்சம்தான் காரணம்.

முதலில் ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் கிடைக்கும் என்பது ஒரு கட்டம். தன் தேவைக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் விடுவது இரண்டாவது. சட்டம் தடுத்தாலும் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் இருப்பது மூன்றாவது. வயதுவந்த எவரும் காரணம் சொல்லாமல் வாங்கலாம், வளர்க்கலாம், வைத்திருக்கலாம் என்பது நான்காவது. உங்கள் தலைப்பு இந்த நான்காவது கட்டம் மட்டுமே. சேகரித்த குறிப்புகள் ஒவ்வொன்றையும் இந்தக் கட்டங்களில் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் மற்ற மூன்றில் போய் விழும்.

அந்த இறுதிச் சுற்றுக் குழந்தை முதல் கட்டத்தில் விழும். கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, போதை தராத சி.பி.டி. என்ற பொருளால் ஆனது. போதை தருவது டி.எச்.சி. ஒரே செடியில் இரண்டும் இருப்பதாலேயே ஒன்றின் புண்ணியத்தை மற்றதன் கணக்கில் எழுதிவிட முடியாது. போர்ச்சுகல் இரண்டாவது கட்டம். 2001 முதல் அங்கே ஒருவர் தனக்கான பத்து நாள் அளவுக்குள் எந்தப் போதைப்பொருளை வைத்திருந்தாலும் குற்ற வழக்கு இல்லை. நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு குழுவின் முன் போய் நிற்க வேண்டும். விற்பனை இன்றும் குற்றம்தான். “போர்ச்சுகல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டது” என்று யாராவது தொடங்கினால் என் பேனா தானாக மதிப்பெண் குறைக்கும்.

நெதர்லாந்து மூன்றாவது கட்டம், அதன் கதை சுவையானது. 1976இல் தொடங்கிய சகிப்புக் கொள்கையின்படி, ‘காபி ஷாப்’ எனப்படும் கடைகள் ஆளுக்கு 5 கிராம் வரை விற்றால் அரசு கண்டுகொள்ளாது. ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை, ஏனென்றால் கடைக்கு வளர்த்துக் கொடுப்பது குற்றம். முன்வாசலில் வியாபாரம், பின்வாசலில் கடத்தல். இந்த முரண்பாட்டைத் தீர்க்கச் சில நகராட்சிகளில் மட்டும் உரிமம் பெற்றவர்கள் வளர்த்துக் கொடுக்கும் பரிசோதனையை இப்போது நடத்துகிறார்கள். ‘பின்வாசல்’ என்ற சொல்லை மறக்காதீர்கள். இது திரும்பவும் வரும்.

நான்காவது கட்டத்துக்குள் வந்தபிறகுதான் விவாதமே தொடங்குகிறது, பெரும்பாலான பேச்சாளர்கள் அங்கே மூச்சு வாங்க நின்றுவிடுகிறார்கள். சட்டபூர்வம் என்றால் விற்பது யார்? உருகுவே 2013இல் சட்டம் இயற்றியபோது மூன்று வழிகள் வைத்தது: வீட்டில் ஆறு செடிகள், உறுப்பினர் சங்கம், மருந்துக் கடை. ஒருவர் பதிவு செய்துகொண்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதத்துக்கு 40 கிராம் உச்சவரம்பு. விலையை அரசு வைக்கிறது. விளம்பரம் கூடாது. சுற்றுலாப் பயணிக்கு விற்பனை கிடையாது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வீட்டில் மூன்று செடிகளுக்கும், பொது இடத்தில் 25 கிராம் வைத்திருப்பதற்கும் அனுமதி தந்தது. லாப நோக்கற்ற சங்கங்களும் உண்டு, கடை மட்டும் இல்லை. மறுமுனையில் அமெரிக்காவின் கொலராடோ. 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள், 2014 ஜனவரி 1 முதல் தனியார் கடைகள் திறந்தன, 21 வயது நிரம்பிய எவரும் வாங்கலாம். இன்றும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால், பல வங்கிகள் அந்தக் கடைகளின் பணத்தைத் தொடவே தயங்குகின்றன.

கனடா நடுவில் நிற்கிறது. 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் சட்டபூர்வம். விற்பனையை மாகாணங்கள் முடிவு செய்கின்றன. அல்பெர்ட்டாவில் 18 வயது போதும், கியூபெக்கில் 21 ஆக வேண்டும். எனக்குப் பிடித்த ஒப்பீடு தின்பண்டத்தில் இருக்கிறது. கஞ்சா கலந்த இனிப்பு ஒரு பொட்டலத்தில் கனடாவில் 10 மில்லிகிராம் டி.எச்.சி. வரைதான் இருக்கலாம். கொலராடோவில் ஒரு துண்டுக்கே 10, பொட்டலத்துக்கு 100. இரண்டும் ‘சட்டபூர்வம்’தான். தின்ற கஞ்சா ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும்; ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டை வாயில் போடுகிறவருக்கு இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் அன்றிரவே புரிந்துவிடும். ஆகவே ஒட்டிப் பேசுகிறவர், தான் எந்த மாதிரிக்காக வாதாடுகிறார் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் எதிரணி உங்களுக்கு மிக மோசமான மாதிரியை மாட்டிவிடும். மாட்டினால் நான் தடுக்க மாட்டேன்.

எண்களுக்கு வருவோம். இதில் என் பிழை ஒன்று உண்டு. நான் பயிற்சி கொடுத்த மாணவி ஒருத்தி, “கஞ்சா பயன்படுத்தியவர்களில் ஒன்பது சதவீதம் பேர்தான் அடிமையாகிறார்கள்” என்றாள். எதிரணிப் பையன் எழுந்து, “பத்துக்கு மூன்று பேர்” என்றான். இவள் அவனைப் பொய்யன் என்றாள். தோற்றாள், தோற்க வேண்டியதுதான். இரண்டு எண்களும் அமெரிக்க ஆய்வுகளில் உள்ளவை. முதலாவது 1990களில் வந்தது. வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தவர்களில் எத்தனை பேர் சார்புநிலைக்குப் போனார்கள் என்ற கணக்கு. இரண்டாவது 2012-13 கணக்கெடுப்பு. கடந்த ஓர் ஆண்டில் பயன்படுத்தியவர்களில் எத்தனை பேருக்குப் பயன்பாட்டுக் கோளாறு இருந்தது என்பது. கல்லூரி நாளில் ஒரு தடவை இழுத்துவிட்டு மறந்துபோனவர் முதல் கணக்கில் இருப்பார், இரண்டாவதில் இருக்க மாட்டார். “நூறு பேர் என்றால் எந்த நூறு பேர்?” என்று கேட்க நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்கிறேன்.

பழைய ஆய்வுகளை எடுக்கும்போது வீரியத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995இல் சராசரியாக 4 சதவீதம் அளவில் இருந்தது. 2014இல் 12 சதவீதத்தைத் தொட்டது. பிழிந்தெடுத்த சாறுகள் இதையெல்லாம் தாண்டிப் போய்விட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் புகைத்ததும் இன்று ஒருவர் புகைப்பதும் பெயரில்தான் ஒன்று. ஒட்டிப் பேசுகிறவர்களுக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது: வீரியத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டுமானால் சட்டத்துக்குள் இருக்கும் கடைக்குத்தான் வைக்க முடியும்.

மனநலம் பற்றிப் பேசும்போது இரண்டு சொற்களைக் குழப்பாதீர்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு, கஞ்சாவுக்கும் மனச்சிதைவு உள்ளிட்ட மனநோய்களுக்கும் ‘தொடர்பு’ இருப்பதை உறுதியாகச் சொன்னது. அடிக்கடி பயன்படுத்தினால் ஆபத்து கூடுகிறது என்றும் சொன்னது. அதே அறிக்கைதான் பெரியவர்களின் நாள்பட்ட வலிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கும் பலன் உண்டு என்றது. இரு அணியினரும் ஆளுக்கு ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வருவார்கள், முழுவதும் படித்தவர் வெல்வார். தொடர்பு என்பதை ‘காரணம்’ என்று மேடையில் உயர்த்திச் சொன்னால், விவரம் தெரிந்த எதிரி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே ஐந்து நிமிடம் ஓட்டிவிடுவார்.

வாகனம் ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக ஒன்று. மதுவுக்கு இரத்த அளவைப் பார்த்தால் தள்ளாட்டம் ஓரளவு தெரியும். டி.எச்.சி. கொழுப்பில் தங்குவது; தினமும் புகைப்பவரின் இரத்தத்தில் போதை தெளிந்து நாள்கள் கழித்தும் இருக்கும். கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று கோடு போட்டுள்ளன. அந்தக் கோடு எதை அளக்கிறது என்று கேட்கலாம். வெட்டிப் பேசுகிறவருக்கு இதைவிட நேர்மையான ஆயுதம் குறைவு.

இப்போது இந்த விவாதத்தின் முடிச்சு. ஒட்டிப் பேசுகிறவர்களின் வலுவான வாதம் கைது. அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ஏ.சி.எல்.யு.) 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெள்ளையரும் கறுப்பரும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தியும், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பர்கள் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு. அவையே அமைதியாகிவிடும். அப்போது வெட்டிப் பேசுகிறவர் செய்ய வேண்டியது, மறுக்காமல் ஒப்புக்கொள்வது. “சரி, கைதை நிறுத்துவோம். அதற்கு இரண்டாவது கட்டம் போதுமே. கடை எதற்கு, விளம்பரப் பலகை எதற்கு?” என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியில் பாதி அணிகள் சரிந்துவிடுகின்றன. சரியாமல் நிற்க வழி, நெதர்லாந்தின் பின்வாசல்: வாங்குகிறவனை மன்னித்துவிட்டு விற்கிறவனை மட்டும் துரத்தினால், வியாபாரம் முழுவதும் துரத்தப்படுகிறவன் கையில்தானே இருக்கும்? சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று யார் பார்ப்பது, வாங்க வந்த சிறுவனின் வயதை யார் கேட்பது? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்த சுற்றுகளை விரல்விட்டு எண்ணலாம். அவை மட்டும் எனக்கு நினைவில் இருக்கின்றன.

வரி வருமானம் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் நிதானிக்கவும். வாஷிங்டன் மாநிலம் சில்லறை விற்பனையில் 37 சதவீதம் வரி போடுகிறது. வரி ஏறினால் கள்ளச் சந்தை மலிவாகத் தெரியும். குறைந்தால் கஞ்சா மலிவாகிப் பயன்பாடு கூடும். எந்த அளவு சரி என்று சொல்லாமல் ‘கஜானா நிரம்பும்’ என்பது வெறும் கைதட்டலுக்கு.

சொல்லவே கூடாதவை சிலவும் உண்டு. “இது இயற்கையான செடி” என்காதீர்கள், அரளியும் இயற்கையான செடிதான். “ஒருமுறை தொட்டால் அடுத்தது ஹெராயின்தான்” என்காதீர்கள். கஞ்சா புகைத்தவர்களில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. “ஐ.நா. அனுமதித்துவிட்டது” என்பதும் பிழை. 2020 டிசம்பரில் 27க்கு 25 என்ற வாக்கில், 1961ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கினார்கள். முதல் பட்டியலில் அது அப்படியே இருக்கிறது.

வரலாறு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்திய அரசு 1893-94இல் அமைத்த கஞ்சாப் போதைப்பொருள் ஆணையத்தின் (Indian Hemp Drugs Commission) அறிக்கையைத் தேடிப் படியுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், ஏழு தொகுதிகள். மிதமான பயன்பாட்டால் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் தீங்கு, முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றது. ஒட்டிப் பேசுகிறவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அதே கஞ்சாவில் வரி வசூலித்துக்கொண்டிருந்த அரசு அமைத்த ஆணையம் அது என்பதை எதிரணி சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்டிப் பேசுகிறவர்களுக்குத் தாய்லாந்து இருக்கிறது: 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், விதிகள் வருவதற்குள் தெருவெங்கும் கடைகள் முளைத்தன, 2025இல் கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பினார்கள்.

நடுவருக்குக் கட்சி கூடாது என்பார்கள், ஆனால் இது மேடை இல்லை. புகைக்கிறவரைச் சிறையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, நாளெல்லாம் புகைக்கும் வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் ஒரு பெருந்தொழில் உருவாவது எனக்குப் பயம். அதனால் உருகுவேயின் சலிப்பூட்டும் மருந்துக் கடை எனக்குப் பிடிக்கிறது. எதிர்த்துப் பேசி என்னைத் தோற்கடித்த மாணவர்கள் உண்டு.

கடைசியாக, கேள்வி நேரம். அவையிலிருந்து யாராவது எழுந்து, “நீங்கள் புகைத்ததுண்டா?” என்று கேட்பார்கள், தவறாமல் கேட்பார்கள். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் வலை விழும். கோபப்படாதீர்கள், சிரித்துச் சமாளிக்கவும் வேண்டாம். ஒரு மாணவி மைக்கைச் சற்று இழுத்துக்கொண்டு, “நான் புகைத்திருந்தால் சொன்ன கணக்கு தப்பாகிவிடுமா ஐயா? புகைக்காவிட்டால் சரியாகிவிடுமா?” என்று பணிவாகக் கேட்டாள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு இன்னும் நாற்பது நொடி பாக்கி இருந்தது. அதைப் பின்வாசலுக்குச் செலவழித்தாள்.