லாக்ரூ கற்குவையில் சம இரவு நாள் உதயத்தைப் பார்ப்பது எப்படி

அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், ஓல்டுகாசில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள லாக்ரூ குன்றுகளில் ஒன்றின் உச்சியில் இருக்கிறது ‘டி’ கற்குவை: கற்களைக் குவித்து, உள்ளே நடைவழியும் அறையும் அமைத்த பழங்காலக் கல்லறை. வயது ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல். வாசல் கிழக்கு பார்த்தது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் சம இரவு நாள்களை ஒட்டி, காலை வெயில் குறுகிய நடைவழியைக் கடந்து உள்ளறையின் பின்சுவர்க் கல்லில் கட்டமாக விழும். 1980-இல் மார்ட்டின் பிரெனன், ஜாக் ராபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கவனித்துப் பதிவு செய்தார்கள்.

சம இரவு நாள் மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22 அல்லது 23-ஐயும் ஒட்டி வரும். அந்த ஒரு காலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முன்னும் பின்னுமாக மூன்று நான்கு நாள்களாவது ஒதுக்குங்கள். மேகம் ஒரு காரணம். இன்னொன்று, இந்தச் சமயத்தில்தான் உதயப் புள்ளி மிக வேகமாக நகர்கிறது. லாக்ரூவின் அட்சரேகையில் (சுமார் 53.7 பாகை) ஒரு நாளுக்கு ஏறக்குறைய 0.67 பாகை, அதாவது சூரிய வட்டத்தின் அகலத்தைவிடக் கூடுதல். இந்த நகர்வைக் கல்லின் மேலேயே காணலாம். ஒளிக்கட்டத்தின் பாதை மார்ச்சில் நாளுக்கு நாள் இடப்பக்கம் ஒதுங்கும், செப்டம்பரில் வலப்பக்கம்.

உதயம் மார்ச்சில் காலை 6.30-ஐ ஒட்டியும், கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடை நேரம் நடப்பில் உள்ள செப்டம்பரில் 7.10-ஐ ஒட்டியும் இருக்கும். முக்கால் மணி நேரம் முன்பே மேலே இருங்கள். ஏற்றம் செங்குத்து, புல் ஈரமாக வழுக்கும், உச்சியில் காற்று பலமாக அடிக்கும். கட்டுமானப் பாதுகாப்புக்காக அறையைப் பூட்டி வைப்பதுண்டு. உள்ளே விடுவார்களா என்று, இடத்தைப் பராமரிக்கும் அரசுப் பொதுப்பணி அலுவலகத்திடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போக முடிந்தால், பின்சுவர்க் கல்லின் படத்தை முன்கூட்டியே வெள்ளைத் தாளில் அச்சிட்டு அட்டையில் கிளிப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கல்லில் பூவிதழ் போலவும் சக்கர ஆரங்கள் போலவும் செதுக்கல்கள் உண்டு. அவைதான் உங்கள் அளவுகோல். ஒளி விழுந்ததும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். சூரியன் மேலேறியபடி தெற்கே நகர்வதால், ஒளி கல்லின் இடப்பக்க மேற்புறத்திலிருந்து வலப்பக்கக் கீழ்ப்புறம் நோக்கிச் சாய்வாக இறங்கும். பத்து நிமிடத்தில் சூரியன் சுமார் ஒன்றரை பாகை உயரும், இரண்டு பாகை தெற்கே போகும். கேமராவை முக்காலியில் நிறுத்தி எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் பிரகாசம் மாறி, ஒளியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஆள்களால்தான். நடைவழியில் ஒருவர் நின்றாலும் ஒளி துண்டாகிவிடும். எல்லோரும் பக்க அறைகளில் ஒதுங்கி உட்கார வேண்டும். கல்லில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவது, ஒட்டு நாடா ஒட்டுவது, செதுக்கலை விரலால் தடவுவது, இவை எதுவும் கூடவே கூடாது. அந்தக் கோடுகளைத் திரும்பச் செதுக்க யாரும் இல்லை.

அறை பூட்டியிருந்தால் வாசலுக்கு முதுகு காட்டி நின்று, அடிவானத்தில் சூரியன் எழும் இடத்தைக் குறியுங்கள். முதல் கீற்று சரியான கிழக்கில் எழாது. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், நாம் பார்ப்பது வட்டத்தின் மேல்விளிம்பை என்பதாலும், சமதள அடிவானத்தில் அது ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே தள்ளித் தெரியும். எதிரே மேடு இருந்தால் நிலைமை தலைகீழ்: அடிவானம் ஒரு பாகை உயர்ந்தால் உதயம் சுமார் 1.4 பாகை தெற்கே போகும். போன் காட்டும் திசையை அப்படியே நம்பாதீர்கள். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். இரும்புக் கதவுக்கு அருகில் முள்ளே பிசகும். வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் தொலைதூர மலைமுகடு ஒன்றை வைத்துச் சரிபார்ப்பதே மேல். கீற்றுக்குப் பின் சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டிக் கண்ணாடி இல்லாமல் நேராகப் பார்க்க வேண்டாம்.

பூமியின் அச்சுச் சாய்வு மாறியதால் கதிர்த்திருப்ப நாள்களின் (ஆண்டின் மிக நீண்ட, மிகக் குறுகிய பகல்கள்) உதயப் புள்ளி இந்த ஐயாயிரம் ஆண்டுகளில் இங்கே ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிட்டது. சம இரவு நாளின் உதயப் புள்ளியை அந்த மாற்றம் தொடுவதில்லை. ஆகவே இன்று எடுக்கும் அளவைக் கட்டியவர்கள் காலத்துக்குத் திருத்தாமலே பொருத்திப் பார்க்கலாம்.