குளுக்கோமா வந்த முயலுக்குக் கண்மருந்து விடும் முறை

முயலின் ஒரு கண் மற்றதைவிடப் பெருத்து, கருவிழியில் நீலம் பாய்ந்த மங்கல் தெரிந்தால் "தூசி விழுந்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இது குளுக்கோமாவாக, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் நோயாக இருக்கலாம். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் இது பரம்பரையாக வரும். 3 முதல் 6 மாதத்திலேயே தெரியத் தொடங்கும். அப்படியான முயலைக் குட்டி போட விடக் கூடாது.

கண் அழுத்தத்தைக் கருவியால்தான் அளக்க முடியும். அந்தக் கருவி இருக்கிறதா என்று மிருக வைத்தியரிடம் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் அடுத்து விசாரிக்க வேண்டிய இடம், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை. விடியப்புறமே கிளம்புங்கள். கூடைக்குள் துணி சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்று கட்டாயம். கச்சான் என்னும் வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணைவிட வெக்கைதான் முயலை முதலில் கொல்லும்.

வைத்தியர் பெரும்பாலும் அழுத்தத்தைக் குறைக்கும் டோர்சோலமைட் 2% கண்துளி எழுதுவார், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் தவறாது. அதோடு டிமோலோல் என்ற மருந்தும் கலந்ததென்றால் சொன்ன அளவுக்கு ஒரு துளியும் கூடக் கூடாது, இதயத் துடிப்பைக் குறைக்கும்.

மருந்து விடுவது

பலரும் சறுக்குவது இங்கேதான். மேசையில் வைக்காதீர்கள், தரையில் உட்காருங்கள். முயலைத் துவாயில் சுற்றி, பின்பக்கம் உங்கள் வயிற்றோடு அணைத்தபடி வையுங்கள். பின்கால்கள் தொங்கினால் உதைக்கும். அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம். மல்லாத்தவும் வேண்டாம்.

மூக்குக்கு நேரே வரும் கை முயலுக்குத் தெரியாது, திடுக்கிடும். தலைக்குப் பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து, மேல் இமையை மெல்ல உயர்த்தி, ஒரே ஒரு துளி விடுங்கள். போத்தல் நுனி கண்ணில் படக் கூடாது. பிறகு மூக்கோரக் கண்மூலையை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். விட்டவுடன் இறக்கிவிட்டால் முன்காலால் துடைத்து நக்கிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள். டோர்சோலமைட் எரியும், தலையை உதறுவது சாதாரணம். இரண்டு மருந்து என்றால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

போத்தலில் திறந்த திகதியை எழுதுங்கள், 4 வாரத்தில் எறியுங்கள்.

வீட்டில் மிஞ்சிய டெக்ஸாமெதசோன் துளி வேண்டவே வேண்டாம், அழுத்தத்தைக் கூட்டும். வாயால் கொடுக்கும் அமொக்சிசிலினும் ஆகாது, முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். பாமசியில் நீங்களாக எதுவும் வாங்காதீர்கள்.

நோவு

நோவு வந்தாலும் முயல் பெரும்பாலும் கத்தாது. பல்லை நறநறவென்று கடிக்கும், கூனி உட்காரும், புல் தின்பதை விட்டுவிடும். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் கண்ணை மறந்துவிட்டு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள், குடல் நின்றிருக்கும்.

பார்வை மங்கிய முயல் தடுமாறாமலிருக்க, கூட்டில் தண்ணீர், புல், மலகூடம் மூன்றையும் இடம் மாற்றாதீர்கள். பெருத்த கண்ணை இமை முழுதாக மூடாது, காய்ந்த வைக்கோல் தண்டு குத்திப் புண்ணாகும். பச்சைக் கினிப்புல்லை நறுக்கிப் போடுங்கள்.

பின்னர் சேர்த்தது: பார்வை போய், நோவும் அடங்காத கண்ணை எடுத்துவிடுவதே நல்லது. தயங்குபவர்கள் அதிகம், ஆனால் ஒரு கண்ணோடு முயல் நன்றாகவே நடமாடும். சத்திரசிகிச்சைக்கு முன் பட்டினி போட வேண்டாம்: முயலுக்கு வாந்தி வராது, வெறும் வயிறுதான் ஆபத்து.