பேஸ்பால் பேட்டிங்: எந்தப் பந்தை எங்கே அடிப்பது?

பெங்களூரில் ஞாயிறு காலை பேஸ்பால் ஆட வரும் நம்மாட்களில் பெரும்பாலானோருக்கு கிரிக்கெட் கை. எப்படி நிற்பது, பேட்டை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எழுதுவது வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கால். கிரிக்கெட்டில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து முன்காலா பின்காலா என்று முடிவு செய்வோம். இங்கே அதற்கு நேரமே கிடையாது. பிட்சர் 18.44 மீட்டர் தள்ளி நிற்கிறார், 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துவிடும். அதனால் என்ன பந்து என்று தெரியும் முன்பே முன்காலை பிட்சரை நோக்கி வைத்துவிட வேண்டும்.

அப்புறம்தான் எல்லோரும் திணறும் இடம்: பந்து எந்த இடத்துக்கு வரும்போது பேட்டில் படவேண்டும்? உடம்பை ஒட்டி வந்தால் முன்காலுக்கும் முன்னாலேயே பட்டு இடப்பக்கம் போக வேண்டும். நடுவில் வந்தால் முன்காலுக்கு நேராக. வெளிப்பக்கமாக வந்தால் அவசரப்படாதீர்கள், பந்து முன்காலைத் தாண்டி ஹோம் பிளேட்டுக்கு (உங்கள் பக்கத்தில் தரையில் இருக்கும் வெள்ளைப் பலகை) மேலே வரட்டும், அப்போது அடித்து வலப்பக்கம் அனுப்புங்கள். கவர் டிரைவ் நினைப்பில் எட்டிப்போய் அடித்தால் மணிக்கட்டு முன்கூட்டியே உருண்டு, பந்து இடப்பக்கம் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்பிடம் சோம்பலாக உருண்டு போகும்.

இதற்கு டீ (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பம்) வைத்துப் பழகுவதுதான் ஒரே வழி. கடையில் வாங்கத் தேவையில்லை, எஸ்.பி. ரோட்டில் பிவிசி பைப்பும் மேலே செருக ஒரு துண்டு ரப்பர் ஹோஸும் வாங்கினால் போதும். மூன்று இடத்திலும் மாற்றி மாற்றி வைத்து அடியுங்கள். பழக எனக்கு மர பேட்தான் பிடிக்கும். அலுமினியம் தப்பான அடியையும் மறைத்துவிடும், மரம் உள்ளங்கை எரிய எரிய உண்மையைச் சொல்லும்.

பந்து வகைக்கு ஒரே விதி: எப்போதும் ஃபாஸ்ட்பாலுக்குத் தயாராக இருங்கள். மெதுவான பந்துக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், மெதுவானதை எதிர்பார்த்து நின்றுவிட்டு வேகப் பந்தை எட்டிப் பிடிக்க முடியாது. வளைந்து கீழே இறங்கும் கர்வ்பால் கையை விட்டதும் கொஞ்சம் மேலே எழும்பும், வேகமாக வந்து பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரில் தையல் சுழன்று ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். சேஞ்ச்அப் என்ற மெதுவான பந்து வரும்போது பிட்சரின் கை ஃபாஸ்ட்பால் வேகத்திலேயே சுற்றும், அதை நம்பினால் போச்சு. கால் ஊன்றிவிட்டாலும் கைகள் பின்னாலேயே இருக்கட்டும். கர்வ்பால் தாழ்வாகவே கிளம்பினால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே போய்விடும்.

பின்சேர்க்கை: டென்னிஸ் பந்தில் பழகும்போது சுழற்சியே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் பந்தைச் சுற்றித் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் (இன்னும் ஒன்று ஆனால் அவுட்) என்ன செய்வது என்றும் கேள்வி வந்தது: பேட்டை ஒரு அங்குலம் மேலே தள்ளிப் பிடியுங்கள், தூரமாக அடிக்கும் ஆசையை அப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.