60 டிகிரி மார்ஜின் இருந்தும் லூப் ஏன் ஆடுகிறது?

பின்னூட்டக் கட்டுப்பாட்டு லூப் ஒன்றை வடிவமைத்திருக்கிறீர்கள்: கெயின் (பெருக்கம்) மார்ஜின் 10 டெசிபல், ஃபேஸ் (கட்டம்) மார்ஜின் 60 டிகிரி. அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் கெயினையும் ஃபேஸையும் காட்டும் போட் வரைபடத்தில் இதைப் பார்த்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடத் தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான். கெயின் மட்டும் மாறினால் எவ்வளவு தாங்கும், ஃபேஸ் மட்டும் மாறினால் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. நிஜ அமைப்பில் இரண்டும் சேர்ந்தே மாறும். தணிப்புக் குறைந்த ஒத்ததிர்வு ஒன்று இருந்தால் போதும், இரண்டு மார்ஜினும் அழகாக இருக்கும்போதே கெயினையும் ஃபேஸையும் ஒன்றாக வரையும் நைக்விஸ்ட் வளைவு, நிலையின்மையின் எல்லையான −1 புள்ளியை உரசிக்கொண்டு போகும்.

அதனால் அந்தத் தூரத்தையே நேரடியாக அளந்துவிடுங்கள். இடையூறை லூப் எவ்வளவு பெருக்குகிறது என்று சொல்லும் உணர்திறன் சார்பின் உச்சம், அந்தக் குறைந்தபட்சத் தூரத்தின் தலைகீழ். அது 2 என்றால், வளைவு −1-க்கு 0.5-ஐவிட நெருங்கவில்லை என்று பொருள். மூடிய லூப் நிலையாக இருக்கும்வரை, கெயின் 2 மடங்கு கூடினாலும் தாங்கும், ஃபேஸ் மார்ஜின் 29 டிகிரிக்குக் குறையாது என்ற உறுதியும் இதிலேயே வந்துவிடும். மார்ஜின்களிலிருந்து உச்சத்துக்கு இப்படி உறுதி கிடைக்காது. ஒரே ஒரு எண்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

சரி, டிகிரிக் கணக்கில் இன்னொரு குழி. 60 டிகிரி என்பது 1.05 ரேடியன். லூப் கெயின் 1-ஐக் கடக்கும் அதிர்வெண் நொடிக்கு 10 ரேடியன் என்றால் 105 மில்லிநொடி தாமதம் தாங்கும். 100 என்றால் 10.5 மட்டுமே. டிஜிட்டல் கன்ட்ரோலரின் சாம்பிள் இடைவெளி 10 மில்லிநொடி என்று வையுங்கள். கணக்கிட ஒரு சாம்பிள், வெளியீட்டை அடுத்த சாம்பிள் வரை பிடித்துவைக்கும் ஹோல்டால் அரை சாம்பிள், ஆக 15 மில்லிநொடி. தொடர்நேர வடிவமைப்பில் வைத்த 60 டிகிரியை இது விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும்.

மாடலுக்கு எல்லா அதிர்வெண்ணிலும் '20 சதவீதம் பிழை' என்று தட்டையாகப் போடுவதும் வழக்கம். மாடலில் விட்டுப்போன இயக்கங்கள் மேலே போகப் போகத்தான் பெரிதாகும். பல இயக்கநிலைகளில் அதிர்வெண் மறுவினையை அளந்து, ஒப்பீட்டுப் பிழைகளை ஒரே வரைபடத்தில் போட்டு, அவற்றை மூடும்படி எடைச்சார்பை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பிழையின் மேல் எல்லையை, வரையுங்கள். பிழை 100 சதவீதத்தைத் தாண்டும் அதிர்வெண்ணுக்குக் கீழேயே பட்டையகலம் நிற்கட்டும். பயந்து எடையைக் கூட்டினால் கன்ட்ரோலர் மந்தமாகிவிடும், அதுவும் நஷ்டம்தான்.

உகந்த கன்ட்ரோலர் என்றால் தானாகவே உறுதியாக இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். இரைச்சலுக்கு நடுவே நிலையை மதிப்பிட்டு இருபடிச் செலவைக் குறைக்கும் எல்கியூஜி முறையில் அப்படி உத்தரவாதமான மார்ஜின் எதுவும் கிடையாது என்று 1978-இலேயே கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஜான் டாயில் காட்டிவிட்டார்.

அப்புறம், அமைப்பின் வலது அரைத்தளத் துருவத்தை, அதாவது தானாக வளரும் நிலையற்ற இயக்கத்தை, கன்ட்ரோலரின் சுழியால் வெட்டுவது இன்னொரு குழி. காகிதத்தில் அது மறைந்துவிடும்; உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.