மூலை நான்கையும் பார்த்து மாற்றுங்கள்: பேஸ்பால் கார்டு சேகரிப்போருக்கு

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளே பேஸ்பால் கார்டுகள். அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைக் கேட்டு இந்தப் பொழுதுபோக்கிற்குள் வருகிறவர்கள் பலர். வந்தபின் நிலைத்து நிற்க வேண்டுமானால், விலையை மறந்துவிட்டு ஒரு தொகுப்பை, அதாவது ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் வெளியிட்ட கார்டு வரிசையை, முழுமையாக்கும் இலக்கோடு தொடங்குவதே நல்லது. 1987ஆம் ஆண்டின் டாப்ஸ் தொகுப்பை நான் பரிந்துரைப்பேன். மரப்பலகை போன்ற ஓரம் கொண்ட 792 கார்டுகள் அதில் உள்ளன. அந்தக் காலத்தில் நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சடித்ததாலும், வாங்கியவர்கள் எதிர்காலத்தில் விலை ஏறும் என்று பத்திரப்படுத்தியதாலும், இன்றும் அவை மலிவாகக் கிடைக்கின்றன. பாக்கெட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும். மிஞ்சும் அந்தக் கார்டுகள்தாம் மற்றச் சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்வதற்கான உங்கள் கைமுதல்.

வேண்டியவை, கொடுக்கக்கூடியவை என இரண்டு பட்டியல்களை எழுதி வையுங்கள். அவற்றில் ஆண்டு, நிறுவனம், கார்டின் பின்புறத்தில் உள்ள எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். ஆட்டக்காரரின் பெயர் மட்டும் போதாது. ஒரே தொகுப்பில் அவருக்கு வழக்கமான கார்டு ஒன்றும், ஆல் ஸ்டார் என்ற சிறப்பு அணிக்குத் தேர்வானதைக் காட்டும் கார்டு ஒன்றும் இருக்கலாம். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் டாப்ஸ் கார்டுகளைப் போலவே வெளியிட்ட கார்டுகள் முன்புறத்தில் கண்ணை ஏமாற்றும். பின்புறத்தில் பிரெஞ்சு மொழியும் இருப்பதைக் கண்டுதான் பிரித்தறிய வேண்டும். சிகரெட் பாக்கெட்டுகளோடு வந்த பழைய கார்டுகள் பலவற்றில் எண்ணே கிடையாது. ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தம் அட்டவணையில் இட்ட டி206 போன்ற குறியீடுகளாலேயே இன்றுவரை அவற்றை அழைக்கிறோம். அவர் திரட்டிய கார்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மாற்றல் நிலைப்பதும் முறிவதும் கார்டின் நிலையை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கார்டை ஓரங்களில் மட்டும் பிடித்து, மேசை விளக்கின் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேராக வைத்தால் புலப்படாத மடிப்பு, ஒளி பக்கவாட்டில் விழும்போது மயிரிழை போலத் தெரியும். நான் ஒருமுறை சாய்த்துப் பார்க்காமல் 1968ஆம் ஆண்டுக் கார்டு ஒன்றை அனுப்பினேன். பெற்றவர் மடிப்பைப் படம் எடுத்து அனுப்பியபோதுதான் என் தவறு புரிந்தது. மன்னிப்புக் கேட்டு வேறொரு கார்டு அனுப்பினேன். அன்றிலிருந்து எந்தக் கார்டையும் நான்கு திசைகளிலும் சாய்க்காமல் உறையில் இடுவதில்லை.

நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் அட்டையின் இழைகள் வெண்மையாகப் பிரிந்து நிற்கும். படத்தைச் சுற்றியுள்ள ஓரம் இருபுறமும் ஒரே அகலமா என்பதையும் கவனியுங்கள். மெழுகுத்தாள் பாக்கெட்டில் சூயிங்கம்மோடு வந்த கார்டுகளில், கம் ஒட்டிய இடம் பழுப்பாகக் கறைபட்டிருக்கும். கண்டதை அப்படியே எழுதுங்கள். இந்தத் துறையில் 'வெரி குட்' என்றால் நன்றாகத் தேய்ந்த கார்டு என்றே பொருள். கார்டுகளுக்குத் தரம் இடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் மதிப்பீட்டில் அது பத்துக்கு மூன்றுதான். புதியவர் ஒருவரிடம் அச்சொல்லைச் சொல்லும்போது விளக்கியும் சொல்லுங்கள்.

விலை உயர்ந்த கார்டை வாங்குமுன், அதே தொகுப்பின் சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் வைத்து அளவைப் பாருங்கள். 1957 முதல் டாப்ஸ் கார்டுகளின் வழக்கமான அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்; மூலை கூராக இருந்தும் அளவு குறைந்தால், ஓரம் வெட்டப்பட்டதா என்று சந்தேகிக்க இடமுண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால், பழைய அசல் கார்டுகளில் படம் புள்ளிகளாகவும் கறுப்பு எழுத்து புள்ளிகள் இல்லாமல் மை நிரம்பியதாகவும் பெரும்பாலும் இருக்கும். எழுத்தும் புள்ளிகளாகச் சிதறினால் அது நகலாக இருக்கலாம்.

மதிப்பைப் பேசும்போது, விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அண்மையில் உண்மையாகவே விற்ற விலையை இருவரும் அளவுகோலாகக் கொள்ளுங்கள். மலிவான கார்டுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று என மாற்றிக்கொள்வதே சுலபம். ஒருவருடைய தொகுப்பில் குறையும் கடைசிக் கார்டு உங்களிடம் இருக்கிறது என்பதற்காக அவரை நெருக்குவது சரியில்லை என்பதே என் கருத்து. புதியவரே முதலில் அனுப்புவது வழக்கம். அனுப்புமுன் இருபுறமும் படம் எடுத்து, அஞ்சலின் கண்காணிப்பு எண்ணையும் தெரிவியுங்கள்.

கார்டை முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலும், பிறகு டாப்லோடர் எனப்படும் கெட்டி உறையிலும் இடுங்கள். அதன் வாயைப் பசை படியாத நீல பெயின்டர் டேப்பால் மூடி, பிரிப்பவர் நகத்தால் சுரண்டாமல் இழுக்கும்படி டேப்பின் நுனியை மடித்து விடுங்கள். சாதாரண செல்லோடேப் பசையை விட்டுச் செல்லும். ரப்பர் பேண்டு ஓரத்தைக் கடிக்கும். இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, காற்றுக் குமிழ்கள் உள்ள அஞ்சல் உறையில் அனுப்புங்கள். பெறுகிறவர் உறையைப் பிரித்த அன்றே தகவல் சொல்ல வேண்டும். கார்டு சேதமடைந்திருந்தால், டாப்லோடரிலிருந்து எடுக்குமுன் அஞ்சல் உறையோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.