செல்லப்பிராணியின் தட்டும் கார்பனும்: நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகள்

நாய்க்கும் பூனைக்கும் போடுவதெல்லாம் கறிக்கடையில் கழிந்ததுதானே, அதில் என்ன சுற்றுச்சூழல் கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாயை நாளையிலிருந்தே சைவமாக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. கிண்ணத்தில் எவ்வளவு விழுகிறது, எந்த வடிவில் விழுகிறது என்பதை இரு தரப்புமே பார்ப்பதில்லை. குறைக்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் நாய், பூனைகள் உண்ணும் இறைச்சியால் ஆண்டுக்குச் சுமார் 6.4 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியாகின்றன என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த கிரெகரி ஓகின் 2017இல் கணக்கிட்டார். உலகம் முழுவதும் விற்கும் உலர் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் குழு 2020இல் போட்ட கணக்கு ஆண்டுக்கு 5.6 கோடி முதல் 15.1 கோடி டன் வரை வருகிறது. வேளாண்மை வெளியிடும் மொத்தத்தில் இது 1.1 முதல் 2.9 சதவீதம். இரண்டும் வேறு வேறு முறையில் போட்ட கணக்குகள். ஒன்றோடொன்று கூட்டக் கூடாது.

அளக்காமல் போடுவது

என்னைக் கேட்டால் தவறுகளில் இதுதான் முதலிடம். யாரும் இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாகவே நினைப்பதில்லை. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். அளவுக் கோப்பையைக் கொடுத்து உலர் உணவை எடுக்கச் சொன்னால், மனிதர்கள் எடுத்த அளவு 18 சதவீதம் குறைவிலிருந்து 80 சதவீதம் அதிகம் வரை போனது. கோப்பை வைத்து அளப்பவர்களின் நிலையே இதுவென்றால், கைக்கு வந்ததை அள்ளிப் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். பையில் அச்சிட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கப்புள்ளிதான். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பிராணிக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவே போதும். விலாவில் கை வைத்துத் தடவினால் எலும்புகள் மெல்லத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் தீனி மிகுந்துவிட்டது.

இதனால் பிராணிக்கு நஷ்டம் இல்லை, லாபம்தான். 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியான ஆய்வில், தமக்கு ஜோடியாக வைத்து ஒப்பிட்ட நாயைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் தாமதமாகவே வந்தது. வேண்டாத தீனிக்காக வளர்த்த கோழியும் வீண், நாயின் ஆயுளும் வீண்.

பிஸ்கட், மெல்லும் குச்சி, சாப்பாட்டு மேசையடியில் நீட்டும் துண்டு ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். நாளின் மொத்தக் கலோரியில் இவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

ஈர உணவை இயல்பாக எடுத்துக்கொள்வது

டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் ஈர உணவின் பெரும்பகுதி தண்ணீர். அப்படியானால் கார்பன் குறைவாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது எடையை அல்ல, கலோரியை. பிரேசிலில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று 10 கிலோ எடையுள்ள நாயை எடுத்துக்கொண்டது. உலர் உணவில் வளர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 828 கிலோ, ஈர உணவில் வளர்ந்தால் சுமார் 6,541 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வெளியீடு. எட்டு மடங்கு! ஈர உணவின் கலோரியில் மிகப் பெரும் பங்கு இறைச்சியிலிருந்து வருகிறது. உலர் உணவில் பாதிக்கு நெருக்கமாகத் தானியமும் மற்றவையும் இருக்கின்றன. கணக்கிடும் முறையை மாற்றினால் இடைவெளி கொஞ்சம் சுருங்கலாம், ஆனால் திசை மாறாது.

இதைப் படித்துவிட்டுப் பூனையின் ஈர உணவை உடனே நிறுத்துவது அடுத்த தவறு. பூனைகள் தாமாகத் தண்ணீர் குடிப்பது குறைவு. சிறுநீர்ப் பாதைத் தொல்லையோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பூனைக்கு அந்த ஈரம் மருந்து மாதிரி. அதை மருத்துவரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

"மனிதர் உண்ணும் தரம்" என்ற சொல்லில் மயங்குவது

ஈரல், நுரையீரல், மண்ணீரல் என்று மனிதர்கள் அதிகம் தொடாத உள்ளுறுப்புகளைக் கழிவு என்று முகம் சுளிக்கிறோம். நாய்க்கும் பூனைக்கும் அவை சத்தான உணவு. சதைத்துண்டு மட்டுமே உள்ள பொருளைத் தேடி வாங்கினால், மனிதனுக்கான இறைச்சிக்கு நாய் போட்டிக்கு வருகிறது. அதற்காகக் கூடுதலாக ஒரு விலங்கை வளர்க்க வேண்டியிருக்கும். அதே நேரம், உள்ளுறுப்பு என்றாலே கார்பன் சுழியம் என்று நினைப்பதும் சரியில்லை. அது விலை போகிற சரக்கு. அந்த வருமானமும் பண்ணையைத் தாங்குகிறது.

எந்த விலங்கு என்பதையும் பாருங்கள். உலகச் சராசரியில், இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெறச் சுமார் 50 கிலோ வெளியீடு. கோழியில் ஆறு கிலோவுக்கும் கீழே. பொட்டலத்தின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் படித்து, மாடு, ஆட்டிலிருந்து கோழிக்கு மாறினாலே பெரிய வித்தியாசம். பிராணிக்கு ஒவ்வாமை இல்லாதவரை இதில் ஆபத்தும் இல்லை.

பூனையையும் நாயையும் ஒரே தட்டில் வைப்பது

பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தேவைக்கேற்ப அதன் உடலால் உருவாக்க முடியாது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை அதனால் வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமும் உணவிலிருந்தே வர வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987இல் உறுதியானது. வீட்டில் சமைத்த சைவ உணவைப் பூனைக்குப் போடுவது பரிசோதனை அல்ல, ஆபத்து.

நாயின் கதை வேறு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம் என்று 2013இல் தெரியவந்தது. மனிதரோடு வாழ்ந்த காலத்தில் வந்த மாற்றம் அது. சரியாக வடிவமைத்த தாவர உணவில் நாய் வாழ முடியும். பிரிட்டன் கால்நடை மருத்துவச் சங்கம்கூட 2024இல், நாய்களுக்கான வீகன் உணவை எதிர்க்கும் தன் நிலையைக் கைவிட்டது. ஆனால் "சரியாக வடிவமைத்த" என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை 2013இல் ஆராய்ந்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. எழுதியவர்களில் கால்நடை மருத்துவர்களும் இருந்தார்கள்! பட்டாணியும் பருப்பும் மிகுந்த, தானியம் இல்லாத உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை. எனவே "முழுமையான, சமநிலையான உணவு" என்று குறித்த பொருளையே வாங்குங்கள். குட்டிக்கும் சினையான நாய்க்கும் இந்த மாற்றம் வேண்டாம்.

முழுக்க மாற வேண்டும் என்பதும் இல்லை. இறைச்சி உணவோடு தாவர உணவைப் பாதிப்பாதி கலந்தாலும் பலன் உண்டு. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுவிலிருந்து எடுக்கும் புரதமும் சில உணவுகளில் வருகிறது. அந்தப் புழு எதைத் தின்று வளர்ந்தது என்று தயாரிப்பாளரிடம் கேட்பது நல்லது. உணவு ஆலையில் மிஞ்சியதைத் தின்றிருந்தால் சரி. கோழிக்குப் போடக்கூடிய தானியத்தையே தின்றிருந்தால் பெரிய மிச்சம் ஏதுமில்லை.

எந்த உணவுக்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழுக்க மாற்றினால் வயிறு பழகிக்கொள்ளும். நாய் அரைப் பட்டினி கிடந்து வழிக்கு வந்துவிடும். பூனையிடம் அந்தப் பிடிவாதம் செல்லாது: சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுக்கத் தட்டைத் தொடவில்லையென்றால் பழைய உணவைத் திரும்ப வையுங்கள். அதையும் மறுத்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.