டிகின்டரில் தேடல் பெட்டி: எந்த ஈவண்ட்டைப் பிடிப்பது?

பைத்தானில் விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்கும் டிகின்டர் நூலகத்தில், டைப் செய்யச் செய்யக் கீழே பட்டியல் சுருங்கும் தேடல் பெட்டி வேண்டும் என்றால், பலரும் முதலில் செய்வது என்ட்ரியில் (எழுத்து அடிக்கும் பெட்டி) ‘கீ’ ஈவண்ட்டை (விசை அழுத்தப்படும் நிகழ்வு) ஒரு ஃபங்ஷனோடு பைண்ட் செய்து, அதாவது கட்டி, அந்த ஃபங்ஷனுக்குள் ‘கெட்’ போட்டு எழுத்துகளை எடுப்பது. கடைசியாக அடித்தது மட்டும் அதில் இருக்காது. விட்ஜெட்டில் (பெட்டி, பட்டன் போன்ற திரை உறுப்பு) நீங்கள் கட்டிய ஃபங்ஷன் முதலில் ஓடுகிறது. எழுத்தைப் பெட்டிக்குள் நுழைக்கும் வேலை என்ட்ரி கிளாஸின் பைண்டிங்குடையது, அது அடுத்துத்தான் ஓடும். (உங்கள் ஃபங்ஷன் ‘பிரேக்’ என்ற சரத்தை ரிட்டர்ன் செய்தால் எழுத்தே விழாது. அதுவும் இந்த வரிசையால்தான்.)

‘கீரிலீஸ்’ (விசையை விடும்போது வரும் ஈவண்ட்) போட்டால் இது சரியாகும், ஆனால் பாதிதான். மவுஸால் பேஸ்ட் செய்தால் ஈவண்ட் வராது. அம்புக்குறி விசையைத் தொட்டாலோ வீணாகத் தேடும்.

நமக்கு வேண்டியது எந்த விசை அழுத்தப்பட்டது என்பதல்ல, பெட்டியில் இருப்பது மாறியதா என்பது. ஆகவே ஒரு ஸ்டிரிங்வார் (சரத்தை வைத்திருக்கும் டிகின்டர் மாறி) உருவாக்கி, என்ட்ரியின் டெக்ஸ்ட்வேரியபிளாகக் கொடுங்கள். அதில் ‘டிரேஸ்_ஆட்’ மூலம் ‘ரைட்’டுக்கு (மதிப்பு எழுதப்படும் ஒவ்வொரு முறைக்கும்) ஃபங்ஷனைக் கட்டுங்கள். அந்த ஃபங்ஷனுக்கு 3 ஆர்கியூமென்ட் வரும், வாங்க இடம் வையுங்கள். ஸ்டிரிங்வாரை செல்ஃபில் (உங்கள் கிளாஸின் ஆப்ஜெக்ட்டில்) வைப்பது முக்கியம். லோக்கலாக விட்டால், ஃபங்ஷன் முடிந்ததும் அது அழிந்து, டிரேஸும் சத்தமில்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் உடனே தேட வேண்டாம். ‘ஆஃப்டர்’ போட்டு 300 மில்லிசெகண்ட் தள்ளிவையுங்கள்; அது தரும் ஐடியைச் சேமித்து, அடுத்த மாற்றம் வந்ததும் ‘ஆஃப்டர்_கேன்சல்’ செய்து புதிதாகத் தொடங்குங்கள். ‘ஆஃப்டர்’க்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுங்கள்; அடைப்புக்குறி சேர்த்தால் அந்த இடத்திலேயே ஓடிவிடும். பட்டனின் ‘கமாண்ட்’டிலும் இதே கதைதான்.

குறைந்தது 2 எழுத்து வந்தால்தான் தேடுவது என்று வைத்தால், தமிழில் கவனம்: ‘கொ’ நமக்கு ஓரெழுத்து, நீளத்தை எண்ணும் பைத்தானின் ‘லென்’னுக்கு 2.

தேடலுக்கு 2 விநாடி பிடித்தால் விண்டோவும் 2 விநாடி உறையும். ஈவண்ட்களைக் கவனித்து விண்டோவை இயக்கும் மெயின்லூப் ஓடுவதும் அதே திரெட்டில்தான் (திரெட் என்பது நிரலுக்குள் ஓடும் ஒரு தனி ஓட்டம்). தேடலைத் தனி திரெட்டுக்கு மாற்றுங்கள். அங்கிருந்து எந்த விட்ஜெட்டையும் தொடாதீர்கள்; விடையை ஒரு கியூவில் (முதலில் போட்டது முதலில் வரும் வரிசை) போட்டு, மெயின் திரெட்டில் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘ஆஃப்டர்’ வைத்து எடுங்கள். பழைய தேடலின் விடை புதியதற்குப் பின்னால் வந்து சேர்வதும் உண்டு. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்குரியதல்லாத விடையைத் தூக்கிப்போடுங்கள்.